கஸ்டமர் கேர் நம்பரை நெட்டில் தேடாதீர்கள்

வங்கிக் கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்து இருபது வருடங்கள் ஆகின்றன. முன்பெல்லாம் மோசடிப் புகார் என்றால், "யாரோ போன் பண்ணினாங்க சார்" என்றுதான் ஆரம்பிக்கும். இப்போது போன் செய்வதே வாடிக்கையாளர்தான். நம்பரைத் தேடி எடுத்து, தானே அழைத்து, மாட்டிக்கொண்டு வருகிறார்.

சமீபத்தில் வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கூரியர் வரவில்லை என்று அந்தக் கம்பெனியின் நம்பரைப் போனில் தேடியிருக்கிறார். முதலில் வந்ததை அழைத்தார். மறுமுனையில் ரொம்ப மரியாதையாகப் பேசியவன், முகவரியை உறுதிசெய்ய ஐந்து ரூபாய் கட்ட வேண்டும் என்றான். அதற்கென்று இறக்கச் சொன்னது, திரையை அப்படியே அவனுக்குக் காட்டிவிடும் செயலி. இவருடைய கார்டு எண், ஓடிபி எல்லாம் அங்கே தெரிந்துகொண்டிருந்தன. 48,000 ரூபாய் போனது.

போனை வாங்கிப் பார்த்தேன். தேடிய பக்கம் அப்படியே இருந்தது. முதல் முடிவுக்கு மேலே பொடி எழுத்தில் 'ஸ்பான்சர்டு' என்று போட்டிருந்தது. காட்டினேன்.

"அப்படின்னா என்ன சார்?"

"காசு கட்டிப் போட்ட விளம்பரம்மா."

"முதல்ல வந்துச்சே!"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். டெலிபோன் டைரக்டரி புரட்டி வளர்ந்த தலைமுறை. புத்தகத்தில் பெயர் இல்லையென்றால் 197-ஐ அழைத்துக் கேட்போம். இரண்டுமே தொலைபேசித் துறை கொடுத்தவை. அந்த நம்பருக்கு இணைப்பு கொடுத்ததும் அதே துறைதான். அதே நம்பிக்கையைத் தேடல் பெட்டியின் மேலும் வைத்துவிட்டோம். தேடுபொறியோ ஒவ்வொரு நம்பரையும் அழைத்துப் பார்ப்பதில்லை. இணையத்தில் கிடக்கும் பக்கங்களைத் திரட்டி, வரிசைப்படுத்திக் காட்டுகிறது. மோசடிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வங்கிப் பெயரையும் தங்கள் நம்பரையும் சேர்த்துக் கண்ட இடத்திலெல்லாம் பதிவிடுகிறார்கள். ஆன்லைன் மேப்பில் ஒரு கிளையின் நம்பரை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

தேடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்பு பணம் அனுப்பத் தேவையான ஐஎஃப்எஸ்சி கோடு, அதாவது கிளையின் குறியீட்டு எண் கேட்டே பாதிப் பேர் கிளைக்கு வருவார்கள். இப்போது வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் போன் நம்பரை மட்டும் கார்டின் பின்பக்கத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுங்கள். வங்கியின் இணையதளம் என்றால் முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிறதா பாருங்கள். வங்கிகள் எல்லாம் இதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் சொல்லியது. கஸ்டமர் கேர் என்று பத்து இலக்க மொபைல் நம்பர் வந்தால் சந்தேகப்படுங்கள். எந்தச் செயலியையாவது இறக்கச் சொன்னால் பேச்சே வேண்டாம், வைத்துவிடுங்கள்.

பணம் போய்விட்டதா? முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930, அடுத்தது உங்கள் வங்கி. 1930-ல் சொன்னதும், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்லி அந்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் அதற்குள் அடுத்த கணக்குக்குத் தாவாமல் இருக்க வேண்டும், நிமிடக் கணக்கு. வங்கியிடம் தாமதிக்கக் கூடாததற்கு வேறு காரணமும் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நம் கவனக்குறைவால் போன பணத்துக்கு, வங்கியில் புகார் சொல்லும்வரை ஏற்படும் இழப்பு நம்முடையது. சொன்ன பிறகு போனால்தான் வங்கியின் பொறுப்பு.

டீச்சர் மறுநாள் பதினொரு மணிக்குத்தான் வந்தார். ராத்திரி மகனிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததாம். 6,000 ரூபாயைத்தான் பிடித்து நிறுத்த முடிந்தது.