உரிமம் முடிந்தும் ஓடும் அணைகள்

அமெரிக்காவில் தனியாரோ நகராட்சியோ ஆற்றில் நீர்மின் நிலையம் நடத்த, பெரும்பாலும் ஃபெர்க் எனப்படும் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் வேண்டும். உச்சவரம்பு 50 ஆண்டுகள். புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால், முடிவதற்கு 5 ஆண்டுகள் முன்பே சொல்லிவிட வேண்டும். விண்ணப்பம் 2 ஆண்டுகள் முன்பே வந்தாக வேண்டும்.

இவ்வளவு அவகாசம் இருந்தும் புதுப்பித்தல் ஏன் பல ஆண்டுகள் இழுக்கிறது? ஒரு காரணம் நியாயமானது. சால்மன் மீன்கள் குறிப்பிட்ட பருவத்தில்தான் ஆற்றில் ஏறும். அப்போது ஆய்வைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான். மீன் ஏறும் வழி எப்படி அமைய வேண்டும் என்று மத்திய மீன்வளத் துறைகளும் நிபந்தனை விதிக்கலாம். அப்புறம், 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டப்படி மாநில அரசு நீர்த்தரச் சான்று தர வேண்டும். மாநிலம் மறுத்தால் உரிமம் கிடையாது.

தாமதத்தால் அணை நிற்பதில்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். பழைய நிபந்தனைகளோடு ஆண்டுதோறும் தற்காலிக உரிமம் கிடைத்துக்கொண்டே இருக்கும். கலிபோர்னியா, ஓரிகன் வழியே ஓடும் கிளமத் ஆற்றின் அணைகளுக்கு 1954-இல் தரப்பட்ட உரிமம் 2006-இல் முடிந்தது. தூய நீர்ச் சட்டமே வராத காலத்து நிபந்தனைகள் அதன்பிறகும் தொடர்ந்தன. அயர்ன் கேட் அணையைத் தாண்டி சால்மனால் மேலே போக முடியவில்லை. தாமதத்தின் விலையைக் கொடுத்தது ஆறும், அதை நம்பி வாழ்ந்த பழங்குடிகளும்.

சான்று தர மாநிலத்துக்குச் சட்டம் தரும் கெடு அதிகபட்சம் ஓராண்டு. தவறினால் அந்த அதிகாரமே போய்விடும். கிளமத்தில் என்ன செய்தார்கள்? கெடு முடியும் முன், அணைகளை நடத்திய நிறுவனம் ஒரே பக்கக் கடிதத்தில் சான்றுக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, அதே கடிதத்தில் மறுபடி சமர்ப்பித்தது. கடிகாரம் மீண்டும் பூஜ்யத்திலிருந்து ஓடும். ஆண்டுக்காண்டு இதேதான், இரு மாநிலங்களின் ஒப்புதலோடு. நிறுவனமும் மாநிலங்களும் செய்துகொண்ட இந்த உடன்பாட்டின் நோக்கம் அணைகளை அகற்ற வழி தேடுவதே; ஆனாலும் சட்டம் சொன்ன ஓராண்டு வெறும் எழுத்தாகிப் போனது.

ஃபெர்க் இதைக் குறைசொன்னாலும், மாநிலங்கள் அதிகாரத்தை இழந்துவிட்டன என்று ஏற்கவில்லை. ஹூப்பா பள்ளத்தாக்குப் பழங்குடியினர் வழக்குப் போட்டார்கள். 2019-இல் தலைநகர் வாஷிங்டனில் உள்ள மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படிக் கூடிப்பேசிக் கெடுவை நீட்டினால் மாநிலங்கள் அதிகாரத்தை இழக்கும் என்று தீர்ப்பளித்தது. கண்காணிக்க வேண்டிய ஆணையத்தையே நீதிமன்றம் கண்காணிக்க வேண்டியிருந்தது.

ஆனால் மாநிலத்துக்கு இருக்கும் கெடு, பழைய உரிமத்தைப் புதுப்பிப்பதில் ஃபெர்க்குக்கு இல்லை. 2018-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த இரண்டாண்டு விரைவு வழியும், மின்நிலையம் இல்லாத அணைகளில் புதிதாக அமைப்பவற்றுக்கும் நீரை மேலே ஏற்றித் தேக்கி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் சில வகைத் திட்டங்களுக்கும்தான். அந்தக் கெடுவைப் புதுப்பித்தலுக்கும் கொண்டுவர வேண்டும்.