முழங்கால் வலியா? இடுப்பையும் பாருங்கள்

முழங்கால் வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எப்போதாவது இடுப்பில் பலமாக அடிபட்டதா?" என்றுதான். இடுப்பு மூட்டு கெட்டால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் வரும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரியும்.

மும்பை தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் ஓர் அக்கா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தார். சில வருடங்களுக்கு முன் லோக்கல் ரயிலில் இறங்கும்போது விழுந்து, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, ஸ்க்ரூ போட்டிருந்தார்கள். பிசியோதெரபிக்கு வந்தபோது காலை மடக்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். திரும்பவே இல்லை. உடனே எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன்.

தொடை எலும்பின் மேல்முனையில், இடுப்பு மூட்டுக்குள் உட்காரும் பந்து போன்ற பகுதிக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் ஓடுகின்றன. முறிவிலோ மூட்டு விலகும்போதோ அவை அறுந்தால், எலும்பு கூடிய பிறகும் பந்து ரத்தமில்லாமல் செத்துப்போகலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐயில் தெரிந்துவிடும். அப்போதே கண்டுபிடித்தால் சிலருக்குப் பந்தைக் காப்பாற்ற வழியுண்டு. அது அமுங்கி, வலி அன்றாட வேலையைத் தடுக்கும் நிலையில் மூட்டு மாற்றுதான் நல்ல தீர்வு.

மூட்டை மாற்ற வேண்டும் என்றதும், "பொண்ணு பத்தாவது பரீட்சை முடிக்கட்டும் சார்" என்றார் அக்கா. விடியுமுன் எழுந்து மாவுப் பாத்திரம் தூக்கினால்தான் அந்த வீட்டில் பணம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இது அவசர ஆபரேஷன் இல்லை, தேதியை நீங்களே குறிக்கலாம். ஆனால் குறித்துவிடுங்கள். தேதியே இல்லாமல் தள்ளிப்போடும்போது தினமும் விழுங்கும் வலி மாத்திரை கிட்னியையும் வயிற்றையும் கெடுக்கும். புட்டத்துத் தசை மெலியும். மெலிந்த தசையோடு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் தேறி வர அதிக நாள் ஆவதைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

பெரும்பாலும் மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைப்போம். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு சுமார் 6 வாரம், நின்று பாரம் தூக்கும் வேலைக்கு 3 மாதம் ஒதுக்குங்கள். தரையில் உட்காருவது, சம்மணம், இந்தியன் டாய்லெட் எல்லாம் டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். பொதுக் கழிப்பறைக்குப் போகிற வீடுகளில் இதுதான் பெரிய சிக்கல். கமோடு நாற்காலியையும் உயரமான கட்டிலையும் ஆபரேஷனுக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். சின்னக் குழந்தை இருந்தால் குனிந்து தூக்காதீர்கள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, குழந்தையை மடியில் ஏறச் சொல்லுங்கள்.

செயற்கை மூட்டு பத்தில் ஒன்பது பேருக்காவது 10 வருடம் தாண்டி நிற்கிறது. நாற்பதுகளில் மாற்றுகிறவர்களுக்குப் பின்னாளில் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம், அதையும் டாக்டரிடம் பேசிவிடுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியும் எக்ஸ்ரேயும் கையில் இருக்கட்டும். உள்ளே என்ன ஸ்க்ரூ இருக்கிறது என்பது டாக்டருக்கு முன்பே தெரிய வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.