மெட்ரிக் பள்ளியில் இலவச எல்.கே.ஜி. இடம்: யார் கேட்கலாம், எப்படிக் கேட்பது?

குழந்தையைத் தனியார் பள்ளியில் சேர்க்கக் கடன் வாங்கும் பெற்றோர் பலருக்கு, அதே பள்ளியில் தங்கள் பிள்ளைக்குக் கட்டணமில்லா இடம் இருப்பது தெரிவதில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 12(1)(சி) அந்த இடத்தைத் தருகிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள், நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை ஒதுக்க வேண்டும். எல்.கே.ஜி.யில் 40 இடம் என்றால் 10 இடம் இப்படிப் போக வேண்டும். சேர்ந்த பிள்ளை எட்டாம் வகுப்பு வரை அங்கேயே படிக்கலாம். பள்ளிக்கான தொகையை அரசு கொடுத்துவிடும். ஆகவே யாரும் பள்ளியிடம் தயவு கேட்டு நிற்க வேண்டியதில்லை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இது பொருந்தாது.

தமிழ்நாட்டில் இரண்டு வழிகளில் விண்ணப்பிக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் நலிவடைந்த பிரிவு. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்கள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வரும். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறன் குழந்தைகள், எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்டவர்கள், துப்புரவுப் பணியாளரின் பிள்ளைகள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது.

விண்ணப்பம் இணையவழிதான். பிறப்புச் சான்று, ஆதார், இருப்பிடச் சான்று, பிரிவுக்கு ஏற்றபடி சாதிச் சான்று அல்லது வருமானச் சான்று வேண்டும். வருமானச் சான்றில்தான் பலர் சிக்குகிறார்கள். இ-சேவை மையத்தில் பதிந்த மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று நகர்ந்து வர நாளாகும். அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் முன்பே வாங்கி வையுங்கள். அறிவிப்பும் எப்போதும் ஒரே மாதத்தில் வருவதில்லை. 2025-26இல் மத்திய நிதி வராமல் தாமதமாகி, அக்டோபரில்தான் சேர்க்கை தொடங்கியது.

இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் பள்ளியிலேயே குலுக்கல் நடக்கும். அன்றைக்கு அவசியம் நேரில் போய் நில்லுங்கள்.

குழந்தைக்குத் தேர்வு வைப்பதும், பெற்றோரை நேர்காணல் செய்து வடிகட்டுவதும் பிரிவு 13இன்படி குற்றம். முதல் முறை 25,000 ரூபாய் வரை, அதன் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். நன்கொடை வாங்கினால், வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம்.

சேர்ந்த பிறகு வரும் தொல்லை வேறு. "டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் இலவசம்" என்று புத்தகம், சீருடை, ஸ்மார்ட் கிளாஸ் என ஒரு சீட்டை நீட்டுவார்கள். பிள்ளையின் படிப்பைத் தடுக்கக்கூடிய எந்தக் கட்டணத்தையும் செலவையும் வாங்கக்கூடாது என்று பிரிவு 3(2) சொல்கிறது. பணம் கேட்டால் எழுத்தில் கேளுங்கள். கட்டினால் ரசீது வாங்குங்கள். அந்தத் தாளோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள்.