“அவரே நின்றுவிட்டார்” என்று எழுதுவதற்கு முன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. முதலாளி லெட்டர்பேடில் தன் கையால் எழுதிய தாளை என் பக்கம் நகர்த்தினார். “அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியதால் தங்களை இன்று முதல் வேலையிலிருந்து நீக்குகிறோம்.” பெண்களை வேலைக்கு ஏற்றி வரும் வேனின் ஓட்டுநர் அவர், 11 ஆண்டு சர்வீஸ்.

“எங்கே மோதினார்?” என்று கேட்டேன்.

“மோதவில்லை சார். போன மாதம் டீக்கடையில் வலிப்பு வந்து விழுந்துவிட்டார். இருபது பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார். எனக்குத் தூக்கமே இல்லை.”

“அதை ஏன் எழுதவில்லை?”

“நோய் வந்ததற்காக நீக்கினேன் என்று எப்படி எழுதுவது? அதுதான் ஏதாவது ஒரு காரணம் போடலாமே என்று…”

தொழிலாளர் சட்ட ஆலோசனை என்ற பெயரில் நான் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் வியாதி இதுதான். திருட்டு, அடிதடி, குடித்துவிட்டு வருதல் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும். அபூர்வமான காரணம் வரும்போதுதான் கை நடுங்குகிறது. உடனே பழக்கமான காரணம் ஒன்றின் சட்டையை அதற்கு மாட்டிவிடுகிறார்கள். இந்த முதலாளியின் உண்மையான கவலை நீதிமன்றத்தில் நின்றிருக்கும். எழுதி வைத்த பொய் ஒரு வாய்தாவுக்குக் கூடத் தாங்காது. நடக்காத கவனக்குறைவை எதை வைத்து நிரூபிப்பது?

சட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒழுங்கு நடவடிக்கையாக நீக்குவது ஒரு வழி. அதற்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, உள்விசாரணை, சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் வேண்டும். அது அல்லாமல் ‘எந்தக் காரணத்துக்காக இருந்தாலும்’ முதலாளி வேலையை முடித்தால், சில விலக்குகள் தவிர, அது ஆட்குறைப்பு. ஆள் மிகுதியானால் மட்டும்தான் ஆட்குறைப்பு என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு பஞ்சாப் நில மேம்பாட்டுக் கழக வழக்கில் 1990இலேயே சொல்லிவிட்டது. பிரிட்டனில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் ‘வேறு ஏதேனும் கணிசமான காரணம்’ என்று ஒரு தனிப் பெட்டியே வைத்திருக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. பெயரில்லாத காரணமெல்லாம் பெரும்பாலும் ஆட்குறைப்பில்தான் வந்து விழும்.

ஆட்குறைப்பு என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஓராண்டு தொடர் சேவை உள்ளவருக்குக் காரணம் எழுதிய ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம், அரசுக்குத் தகவல். 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது ஓராண்டு சேவையாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்பு என்ற புதிய சட்டத்திலும் தொடர்கிறது. கூடவே, வேலை போனவர்கள் புதுத் திறன் கற்பதற்கான மறுதிறன் நிதிக்கு, நீக்கப்படுபவரின் 15 நாள் ஊதியத்துக்கு ஈடான தொகையைக் கட்ட வேண்டும். மேலாளர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இந்த வேலிக்கு வெளியே. அதற்காக அவர்களை நினைத்தபடி அனுப்பலாம் என்று அர்த்தமில்லை. கடை, நிறுவனம் என்றால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவு இருக்கிறது: ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமின்றி அனுப்ப முடியாது.

ஓட்டுநர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தாளைக் கிழிக்கச் சொன்னேன். அவரைச் சம்பளத்தோடு வண்டியிலிருந்து இறக்கி, நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பி, எழுத்துமூலம் கருத்து வாங்கினோம். ஓட்டுநர் உரிமத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் படிவம் 1இல் முதல் கேள்வியே வலிப்பு பற்றியதுதான். ஆகவே பாதுகாப்பு என்ற காரணம் முதலாளியின் கற்பனை அல்ல. மருத்துவர் எழுதியதன் நகலை ஓட்டுநரிடமே கொடுத்து, “இதற்கு உங்கள் பதில் என்ன, வேறு மருத்துவரைப் பார்க்க விரும்புகிறீர்களா?” என்று கடிதம் தரப்பட்டது. பதிலை அவருடைய மகள் எழுதிக் கொடுத்தாள். அரைப் பக்கம். வண்டி வேண்டாம், வேறு எந்த வேலையானாலும் போதும் என்று இருந்தது. குடோனில் நூல் மூட்டைக் கணக்குப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. முதலாளிக்கு அது முன்பே தெரியும், ஆனால் தோன்றவில்லை.

வேறு வேலை இல்லாமல் போயிருந்தால்? அப்போது நீக்கலாம், உண்மையான காரணத்தையே எழுதி. தொடர்ந்த உடல்நலக் குறைவுக்காக நீக்குவது ஆட்குறைப்பு ஆகாது என்று பழைய சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. அதை நினைத்துக்கொண்டு இழப்பீட்டில் கை வைக்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. பணிக்கொடையும் உண்டு. உடல் ஊனத்தால் வேலை போகிறது என்றால் ஐந்தாண்டு சேவை வேண்டும் என்ற நிபந்தனைகூடப் பொருந்தாது.

அடுத்தது தலைப்பில் உள்ள வாக்கியம். என் மேசைக்கு வரும் கோப்புகளில் அடிக்கடி காணப்படுவது. செக்கிங் பிரிவில் ஒரு பெண், தாய்க்கு உடல்நிலை சரியில்லை என்று உசிலம்பட்டிக்குப் போனார். பத்து நாள், இருபது நாள் ஆயிற்று. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு. “அவரே நின்றுவிட்டார்.” நிலையாணையில், அதாவது கம்பெனியின் பணி விதிகளில், இத்தனை நாள் வராவிட்டால் வேலையை விட்டதாகக் கொள்ளலாம் என்று இருக்கிறதே என்பார்கள். சென்னை பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை வழக்கில் 1960களில் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு விதியை ஏற்றதும் உண்மைதான். ஆனால் 1993இல் டி.கே. யாதவ் வழக்கு வந்தது. எட்டு நாளுக்கு மேல் வரவில்லை என்று ஒரு தொழிலாளியின் பெயரை அடித்தது செல்லாது, அவரைக் கேட்காமல் செய்தது இயற்கை நீதிக்கு விரோதம் என்று சொல்லி, வெளியே இருந்த காலத்துச் சம்பளத்தில் பாதியோடு மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது அதே நீதிமன்றம்.

இந்தப் பெண்ணுக்கும் கடிதம் போயிருந்தது. எங்கே? திருப்பூரில் அவர் காலி செய்துவிட்டுப் போன வாடகை அறைக்கு. விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் ஊர் முகவரி அழகாக எழுதியிருந்தது. யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. போன கடிதம் திரும்பி வந்ததும், உள்ளே என்ன எழுதினோம் என்று பார்க்க அலுவலகத்தில் உறையைப் பிரித்துவிட்டார்கள். திரும்பி வந்த உறையை ஒருபோதும் பிரிக்காதீர்கள். தபால்காரரின் குறிப்போடு, ஒட்டியது ஒட்டியபடி, கோப்பில் இருக்க வேண்டும். நீதிபதி முன்னால் பிரித்தால்தான் அதற்கு மதிப்பு. (பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. ரசீதையும் இணையத்தில் வரும் விநியோக விவரத்தின் அச்சையும் அன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள்.) தெரிந்த எல்லா முகவரிக்கும் அனுப்பி, வாட்ஸ்அப்பிலும் போட்டு, திரும்ப வரச் சொல்லிக் கேட்டு, அதன் பிறகும் பதிலில்லை என்றால் விசாரணை நடத்தி முடிவெடுக்கலாம். நாங்கள் அனுப்பிய இரண்டாவது கடிதம் உசிலம்பட்டியில் கிடைத்த நான்காம் நாள் அந்தப் பெண் வேலைக்கு வந்துவிட்டார்.

கைதானவர் விஷயத்தில் ஒரு வார்த்தை. கைதானதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே அவருக்குக் கடிதம் கொடுக்கலாம். அதைச் செய்யாமல் ‘அனுமதியின்றி வரவில்லை’ என்று மெமோ எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

‘நம்பிக்கை போய்விட்டது’ என்பது இன்னும் வழுக்கும் இடம். காசாளர், சரக்கறைப் பொறுப்பாளர் போன்றோரிடம் இது உண்மையான காரணமாக இருக்கலாம். ஆனால் ஆணையில் அப்படி எழுதினால் அது அவர் பெயருக்கு ஒரு களங்கம், விசாரணை இல்லாமல் எழுதக் கூடாது என்று பான் அமெரிக்கன் விமான நிறுவன ஊழியர் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சந்தேகம் மட்டும் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். ஆதாரம் இருந்தால் விசாரணை வையுங்கள்.

கடைசியாக, காவலாளி அனுப்பும் ஓர் ஏஜென்சி. ஒரு வாடிக்கையாளர் “அந்த ஆள் நாளை முதல் வேண்டாம்” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். காவலாளி தவறு எதுவும் செய்யவில்லை; பெரிய அதிகாரியின் மைத்துனரைக் கேட்டில் நிறுத்தி அடையாள அட்டை கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். வாடிக்கையாளரிடம் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், வேறு இடம் தேடுங்கள், இல்லையென்றால் ஆட்குறைப்புக் கணக்குப் போட்டு மரியாதையாக அனுப்புங்கள் என்றேன். செய்தார்கள். கணக்கு ஒரு ரூபாய் பிசகவில்லை. ஆட்குறைப்பில் போனவருக்கு மறுபடி ஆள் எடுக்கும்போது முன்னுரிமை உண்டு என்பதையும் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தத் தாளை மட்டும் யாரும் படிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொரு அபார்ட்மென்ட்டுக்குப் புதிதாக ஒருவரை எடுத்தார்கள். அந்தப் புதியவரின் நியமனக் கடித நகல்தான் இப்போது தொழிலாளர் நீதிமன்றத்தில் பழைய காவலாளியின் முதல் ஆவணம்.