கைமருந்தை ஏன் டாக்டரிடம் மறைக்கிறார்கள்?

மஞ்சள் காமாலை என்று வருகிறவர்களில் பலர், எங்களைப் பார்க்கும் முன்பே கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்திருக்கிறார்கள். ஆனால் சொல்ல மாட்டார்கள். "அதையெல்லாம் குடிச்சிட்டு இங்க எதுக்கு வந்தீங்க?" என்று எந்த டாக்டராவது ஒருமுறை கடிந்திருப்பார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பமே வாயைத் திறக்காது.

கீழாநெல்லி ஏளனத்துக்குரியதல்ல. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் அதைக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று உள்ளவர்களுக்குக் கொடுத்து, பாதிக்கும் மேற்பட்டோர் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். பேர் கீழாநெல்லிக்குப் போகும். பித்தநாளத்தில் கல் அடைத்திருந்தாலோ எலிக்காய்ச்சலாக இருந்தாலோ கீழாநெல்லியை நம்பிக் காத்திருப்பது உயிருக்கே வினையாகும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் முதலில் வேண்டும் என்பது இதனால்தான்.

இதைவிட எனக்குப் பயம் தருவது, பேர் ஊர் இல்லாமல் பொட்டலமாக வரும் மூட்டுவலிப் பொடி. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டதென்றால், ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். மாதக்கணக்கில் சாப்பிட்டவருக்கு முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டும் அடங்கிப்போயிருக்கும். அந்த நிலையில் "தூக்கிப் போடுங்க" என்று டாக்டர் அதட்ட, அவரும் பயந்து ஒரேயடியாக நிறுத்தினால், ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். உரிய மாத்திரை கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் விடுவிக்க வேண்டும். பொட்டலத்தைக் கண்ணில் காட்டினால்தானே அது முடியும்?

நான் கேட்பது இப்படித்தான்: "வீட்டு வைத்தியம் எல்லாரும்தான் செய்வாங்க. நீங்க என்னம்மா எடுத்தீங்க?" பெரும்பாலும் பதில் வந்துவிடுகிறது. இளம் மருத்துவர்களிடமும் இதையே சொல்கிறேன். அலோபதி டாக்டர்களே கல்லீரலுக்கு லிவ் 52 என்ற மூலிகை மாத்திரை எழுதுகிறோம், மலச்சிக்கலுக்கு இசப்கோல் உமி எழுதுகிறோம். நோயாளியிடம் மட்டும் முகம் சுளிப்பது நியாயமா? நம் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தா பிரிவும் அதே வளாகத்தில் இருக்கிறது. இரு தரப்பு மருந்துகளும் ஒரே நோட்டில் எழுதப்பட வேண்டும்.

சர்க்கரை நோய்க்குச் சூரணம் சாப்பிடுகிறவர்கள் இன்சுலினைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோயில், ஓரிரு நாள் நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து. அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருந்தால் பொடி, லேகியம், கஷாயம் எல்லாவற்றையும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.