‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடக்கூடாத சோர்வு

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயுள் முழுக்க விடியும் முன் எழுந்து ரப்பர் பால் வெட்டிய மனிதர், மனைவி இறந்த பிறகு திண்ணையை விட்டு இறங்குவதில்லை. அதிகாலை மூன்று மணிக்கு விழித்தால் பிறகு தூக்கம் இல்லை. டாக்டரிடம் முழங்கால் வலி, மலச்சிக்கல் என்றுதான் சொல்கிறார். மனம் சரியில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. துபாயிலிருந்து மகன் கூப்பிட்டால், இரண்டு வார்த்தை பேசிவிட்டு போனை மருமகளிடம் நீட்டிவிடுகிறார். “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்கிறது வீடு.

முதியவர்களின் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, அழுகை இல்லாமல். இது வாரக்கணக்கில் நீடித்தால் சிகிச்சை தேவைப்படும் நோய். முதுமையில் மனச்சோர்வு வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் (டிமென்ஷியா) வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரு மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இதைக் கேட்டுப் பதற வேண்டாம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் மறதிநோய் உள்ளவர்கள் சுமார் 7.4 சதவீதம்; வாய்ப்பு இரட்டித்தாலும், சோர்வுற்றவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த நோய் வருவதில்லை.

ஏன் இரட்டிக்கிறது? மனம் நெடுநாள் நெருக்கடியில் இருக்கும்போது, மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. நெருக்கடி ஹார்மோனான கார்ட்டிசால் சுரக்கிறது. அளவு கூடியதும் ‘போதும்’ என்று தகவல் அனுப்பும் பகுதிகளில் முக்கியமானது ஹிப்போகாம்பஸ். காலையில் யார் வந்தார்கள், மாத்திரை போட்டாயிற்றா என்பது போன்ற புதிய நினைவுகளைப் பதிய வைப்பதும் இதே பகுதிதான். கார்ட்டிசாலைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இங்கே ஏராளம். ஆகவே அந்தச் சுரப்பு மாதக்கணக்கில் ஓயாவிட்டால் அடியும் இங்கேதான் பலமாக விழுகிறது. நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குகின்றன. அந்தக் கிளைகளுக்கு உரம் போல உதவும் பி.டி.என்.எஃப். என்ற புரதம் குறைகிறது. ‘போதும்’ என்று சொல்ல வேண்டிய பகுதியே தளர்ந்துவிடுவதால் கார்ட்டிசால் மேலும் கூடுகிறது. எல்லோரிடமும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. ஆனாலும் மனச்சோர்வு பலமுறை வந்துபோனவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், ஹிப்போகாம்பஸ் சராசரியாகச் சற்றுச் சிறுத்திருக்கிறது.

ரத்தக்குழாய் வழியாகவும் கேடு வருகிறது. சோர்ந்தவர் நடப்பதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்குமான மாத்திரைகளை மறக்கிறார் அல்லது வேண்டாம் என்கிறார். மூளையின் நுண்ணிய குழாய்கள் அடைபட, சின்னச் சின்னச் சேதங்கள் சேர்கின்றன. ஆள் நடமாட்டத்தையும் பேச்சையும் விட்டு ஒதுங்குவதும் மறதிநோயின் வாய்ப்பைத் தனியாகவே கூட்டும் ஒரு காரணி.

இங்கே நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சோர்வு மறதியைக் கொண்டுவருகிறதா, அல்லது தொடங்கிவிட்ட மறதிநோயின் முதல் முகமே சோர்வா? லண்டன் அரசு ஊழியர்களை 28 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வில், பின்னாளில் மறதிநோய் வந்தவர்களிடம் சோர்வின் அறிகுறிகள் நோய் கண்டறியப்படுவதற்குச் சுமார் 11 ஆண்டுகளுக்கு முன்புதான் மற்றவர்களைவிட வேறுபடத் தொடங்கின. அப்படியானால் அது முன்னறிவிப்பு. டென்மார்க்கில் 14 லட்சத்துக்கும் அதிகமானோரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வோ, இளமையிலும் நடுவயதிலும் மனச்சோர்வு கண்டறியப்பட்டவர்களுக்கும் வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. அப்படியானால் அது காரணமாகவும் இருக்கலாம். இரண்டுமே உண்மை என்பதே என் கருத்து. ஒருவரிடம் இரண்டில் எது நடக்கிறது என்று காத்திருந்து பார்ப்பதில் பயனில்லை. எதுவானாலும் டாக்டரிடம் போக வேண்டிய நேரம் அதுதான்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: மனச்சோர்வே மறதிநோய் போல வேடமிடுவது. “இன்று என்ன கிழமை?” என்று கேட்டால், சோர்வுற்றவர் “தெரியாது, விட்டுவிடுங்கள்” என்பார், மறதியைப் பற்றித் தானே புலம்புவார், சிறு குறிப்புக் கொடுத்தால் விடை வந்துவிடும். மறதிநோய் உள்ளவர் பெரும்பாலும் எதையாவது சொல்லிச் சமாளிப்பார்; குறிப்பும் அவ்வளவாக உதவாது. முதல்வகையினருக்குச் சிகிச்சையில் நினைவு பெருமளவு தெளிவதுண்டு. தெளிந்த பிறகும் அவர்களைச் சில ஆண்டுகள் கவனித்து வர வேண்டும்.

2004 சுனாமியிலும் 2017 ஒக்கிப் புயலிலும் பிள்ளைகளைக் கடலுக்குப் பறிகொடுத்தவர்கள் குளச்சல் முதல் நீரோடி வரை இன்று முதுமையில் இருக்கிறார்கள். துக்கம் நோயல்ல. பேரப்பிள்ளையைக் கண்டும் முகம் மலராமல், சாப்பாடும் குளியலும் பாரமாகிவிட்டால் அது துக்கத்தைத் தாண்டிவிட்டது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம்; 14416 என்ற எண்ணில், அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸில், தமிழிலேயே பேசலாம். தைராய்டு, பி12 பரிசோதனைகளைக் கேட்டுச் செய்யுங்கள். இரண்டின் குறைபாடும் சோர்வையும் மறதியையும் சேர்த்தே தரும். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அமிட்ரிப்டிலின் போன்ற சில பழைய வகை மருந்துகள் முதியவர்களின் நினைவைக் குழப்பக்கூடியவை. அப்படி ஏதாவது இருந்தால் டாக்டர் மாற்றித் தருவார். புதிதாகத் தரும் மருந்து வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும். பத்தே நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.