பிடி இறுக்கமாக இருந்தால் போதாது

"பிடிவலிமை இயல்பு, கார்பல் டன்னல் பாதிப்பு இல்லை" என்று எழுதிய சீட்டோடு இந்த மாதம் மூன்றாவது நபர் என் முன் வந்து அமர்ந்தார். மணிக்கட்டிலுள்ள குறுகிய பாதையில் மீடியன் நரம்பு நசுங்கும் நோய்தான் கார்பல் டன்னல். தையல் வேலை செய்பவரான அவர், இரவில் விரல்கள் மரத்து விழிப்பு வருவதாகவும், கையை உதறினால்தான் மீண்டும் தூங்க முடிகிறது என்றும் சொன்னார். இரு கைகளையும் மேசைமேல் மல்லாத்தி வைக்கச் சொன்னேன். வலது கட்டைவிரலின் அடிச்சதை மட்டும் வற்றித் தட்டையாகியிருந்தது.

பிடிவலிமையை அளக்கும் டைனமோமீட்டர் கருவியை இறுக்கும்போது பெரும்பங்கு உழைப்பவை முன்கைத் தசைகள். அவற்றுக்குரிய நரம்புக் கிளைகள் மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகின்றன. சாவியைப் பிடிப்பதுபோல் கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுத்தச் சொல்வதும் பயன்படாது, ஏனெனில் அங்கே முக்கியமாக இயங்குவது, சுண்டுவிரல் பக்கமாகக் கைக்கு வரும் அல்நார் நரம்பின் தசை. கட்டைவிரல் நுனியை மடக்கும் தசைக்கும் முன்கையிலேயே கிளை போய்விடுகிறது. மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்கிக் கிடக்கும்போதும் இந்த மூன்று சோதனைகளிலும் நல்ல மதிப்பெண் கிடைக்கலாம் என்பதை இன்னும் எத்தனை முறை சொல்வது?

சோதிக்க வேண்டியது, மணிக்கட்டைக் கடந்த பிறகு மீடியன் நரம்பு இயக்கும், அடிச்சதையிலுள்ள விலக்குத் தசையை. புறங்கை மேசையில் படிந்திருக்க, கட்டைவிரலை உள்ளங்கைக்குச் செங்குத்தாகக் கூரையை நோக்கி உயர்த்தச் சொல்லி, அதன் அடிக்கணுவில் கீழ்நோக்கி அழுத்திப் பார்க்க வேண்டும். விரல் பக்கவாட்டில் விரிந்தால் அது ரேடியல் என்ற வேறொரு நரம்பின் வேலை. பல அவசரச் சோதனைகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. கையடக்கக் கருவியால் அளப்பவர்கள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைத்து அளக்கவும். நுனிப்பக்கம் சற்று நகர்ந்தாலும் நெம்புகோல் நீண்டு எண் குறைந்துவிடும். மறுகையோடு ஒப்பிடுங்கள், ஆனால் இரு கைகளிலும் இந்த நோய் வருவது சாதாரணம் என்பதை மறவாதீர்கள். அடிமூட்டில் தேய்மானம் உள்ளவர் வலியால் விரலைத் தளர்த்துவார்; அதைத் தசை பலவீனம் என்று எழுதிவிட வேண்டாம்.

கட்டைவிரல் வலுவாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. மரத்தல் முதலில் வரும், தசை பின்னர்தான் தளரும். சுண்டுவிரலும் மரத்தால் அல்நார் நரம்பையும் கழுத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இரவில் விரல் மரக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை அணிந்து உறங்குங்கள், சில வாரங்களில் குறையாவிட்டால் காட்டுங்கள். வற்றிய சதை அறுவைக்குப் பின்னும் முழுமையாகத் திரும்பாமல் போகலாம். சட்டைப் பொத்தான் நழுவுவதை வயதின் மேல் போட்டு ஓராண்டைக் கடத்தியிருந்தார் அந்தத் தையல்காரர். அதே சீட்டின் பின்பக்கத்தில் கட்டைவிரல் விலக்கத்தின் வலிமை 5க்கு 3 என்று குறித்து, நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு அனுப்பினேன்.